மூச்சை உள்ளிழுக்கையில் எழும் ஓசை

மூச்சுத் திணறலைக் குறிக்க நம்மவர் வழங்கும் சொற்கள் பல. இரைப்பு என்பர், இளைப்பு என்பர், ஈளை என்பர், ஆஸ்துமா என்பர். இந்நாளில் பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்ட சொல் ‘வீசிங்’ என்பது. பெங்களூரில் நாம் குடியிருக்கும் ஈஜிபுராவில் தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் ஒருங்கே கையாளும் சொல் அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, எல்லாருக்கும் விளங்கும் சொல் ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சி உண்டாக வேண்டும். ஆயினும் இச்சொல்லைக் கேட்கும்போது நமக்கு இப்பொழுது ஒருவகை அச்சமே தோன்றுகிறது. அதன் காரணத்தைக் கூறவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறோம்.

நாம் குடியிருக்கும் வீட்டின் மாடியில் தையற்காரர் ஒருவர் இருக்கிறார். வாணியம்பாடிப் பக்கத்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். இரண்டாண்டுகளாக அவருக்கு மூச்சுத் தொல்லை. அருகிலிருந்த சிறு மருத்துவ விடுதி ஒன்றில் வீசிங் என்று கூறி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தைக் கொடுத்திருந்தனர். அவரும் தவறாமல் உறிஞ்சி வந்தார், தொல்லை குறையவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே மூன்று தலையணைகளைச் சுவரோடு அடுக்கி, அவற்றில் சாய்ந்தபடியே உறங்குவார். அவர் குரலும் சிறிது சிறிதாக மாறிவந்தது. சுடச்சுட ஒரு இட்லித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் பேசுகிறவர் குரல் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது. நாள்தோறும் அக்குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு அது ஒரு நோயின் அறிகுறி என்று தோன்றவேயில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்குச் சளி பிடித்தது. அன்றிரவு பதினொரு மணியளவில் அவர் மனைவியார் ஓடிவந்து, “சார், கொஞ்சம் மேலே வாங்க, அவர் மூச்சு விட முடியாமல் தவிக்கிறார்” என்றார். மேலே சென்றபோது தையற்காரர் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, மோவாயை முன்னுக்கு நீட்டியிருந்தார். மூச்சை உள்ளே இழுக்குந்தோறும், துருப்பிடித்த கீலில் கதவு திரும்புவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. கழுத்தெலும்புக்கு மேலுள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி அவர்கள் வீட்டில் இருந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கியது. அது 96 என்று காட்டிற்று. அவ்வெண்ணைப் பார்த்து நாமும் சற்று ஆறுதல் கொண்டோம். அது தவறான ஆறுதல் என்று பின்னர் அறிந்தோம். மேல்மூச்சு வழி அடைபடும்போது இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவது கடைசிக் கட்டத்தில்தான் என்பதும், எண் இறங்கத் தொடங்கினால் மிஞ்சியிருக்கும் காலம் மிகச் சிறிது என்பதும் மருத்துவர் சொல்லித் தெரிந்தன.

ஆட்டோ ஒன்று கிடைத்தது. ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் நோக்கிச் செல்லும் சாலையை அறிந்த நேயர்கள் சிலர் இருக்கலாம். 2017-இல் அங்கே ஒரு மேம்பாலத்தின் வேலை தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாகவே நின்றிருந்தது. அத்தூண்களினூடே நம் அலுவலகத்துக்கு நடந்து செல்கையில் அவற்றைக் குறித்து வேடிக்கை பேசியதுண்டு. அன்றிரவு அச்சாலையின் ஒவ்வொரு குழியும் நமக்குப் பகையாகத் தோன்றிற்று. ஆட்டோவின் பின்னிருக்கையில் அவரைச் சாய்த்துப் படுக்கவைக்க முயன்றோம். அவர் நம் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லவேளை, நோயாளிக்கு இருந்த அறிவு நமக்கு இல்லாமற் போயினும் அவருக்கு இருந்தது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவை அடைந்தோம். பணியிலிருந்தவர் இளம் பெண் மருத்துவர், கன்னடத்தில் பேசினார். தையற்காரரின் மனைவியாருக்குக் கன்னடம் கடைத்தெரு அளவுக்கே தெரியும். ஆகவே நாம் இடையில் நின்றோம். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி. மூச்சை உள்ளே வாங்கும்போது சத்தம் வருகிறதா, வெளியே விடும்போது வருகிறதா என்று கேட்டார். அதனைத் தமிழில் சொன்னோம். அம்மையார் ஒரு கணங்கூடத் தயங்கவில்லை. “உள்ளே இழுக்கும்போதுதான். எப்போதுமே அப்படித்தான்” என்றார். இரண்டாண்டுகளில் அக்கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும்.

அக்கேள்வியின் பொருளைச் சிறிது விளக்குவோம். ஆஸ்துமாவில் சுருங்குவன நுரையீரலுக்குள் கிளைத்துப் பரவும் சிறு குழாய்கள். மூச்சை வெளியே விடுகையில் அவை மேலும் நெருக்குண்கின்றன. ஆகவே அதன் ஓசை பெரும்பாலும் வெளிமூச்சில் எழும் மெல்லிய சீழ்க்கை. மார்பில் குழல் வைத்துக் கேட்டால் நன்கு கேட்கும். குரல்வளையிலோ அதற்குச் சற்று மேலோ அடைப்பு இருப்பின் நேர்மாறு நிகழ்கிறது. உள்ளே இழுக்கும் மூச்சின் வேகத்தில் தளர்ந்த பகுதிகள் வழியை நோக்கி இழுபடுகின்றன. ஓசை உள்மூச்சில் எழுகிறது. குழலே வேண்டுவதில்லை, எட்டி நிற்பவருக்கும் கேட்கும். குரல்வளைக்குக் கீழே, பெருங்குழாயில் அடைப்பு இருந்தால் இரு மூச்சிலும் ஓசை கேட்கக்கூடும். இவ்வளவு வேறுபட்ட ஓசைகளையும் நாம் வீசிங் என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். ஆங்கில மருத்துவ நூல்களில் உள்மூச்சு ஓசைக்கு ஸ்ட்ரைடார் என்று தனிப்பெயர் உண்டு. முன்பு ஒரு முதலுதவிக் குறிப்பை மொழிபெயர்த்தபோது அச்சொல் நமக்கு எதிர்ப்பட்டது. ‘மூச்சிரைப்பு’ என்று எழுதி மேலே சென்றுவிட்டோம். இன்றாயின் ‘உள்மூச்சுக் கீச்சொலி’ என்று எழுதுவோம். படிக்கச் சற்று இடறினாலும் குற்றமில்லை.

மருத்துவர் மெல்லிய வளையுங் குழல் ஒன்றை மூக்கின் வழியே செலுத்திப் பார்த்தார். இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. திரையில் நமக்கும் காட்டினார். நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையே இயற்கையாக ஒரு சிறு பள்ளம் உண்டு. அப்பள்ளத்திலிருந்து வழுவழுப்பான, வெளிறிய மஞ்சள் நிறக் கட்டி ஒன்று எழுந்து, எலுமிச்சங்காய் அளவுக்குப் பருத்து, குரல்வளை மூடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. காற்று செல்வதற்கு ஓரத்தில் பிறைபோல் ஒரு கீற்றே மிஞ்சியிருந்தது. அப்பள்ளத்தில் சளிநீர் சுரக்கும் நுண்சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வாய் அடைபட்டால், சுரந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கிப் பையாக உப்புகிறது, கதை அவ்வளவே. அது புற்றன்று, வேறிடத்துக்குப் பரவாது.

இத்தகையவற்றைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று மொழிபெயர்ப்பது நம் வழக்கம். அவ்வழக்கத்தில் இப்போது நமக்கு ஐயம் உண்டு. முதுகில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தால், சட்டை மாற்றும்போது நினைவுக்கு வருவதன்றி வேறு துன்பம் இராது. அதே கொழுப்புக் கட்டி மிக அரிதாகக் குரல்வளையிலும் தோன்றுவதுண்டு. அங்கே அது உயிரை வாங்கக்கூடும். கட்டியின் குணத்தில் தீங்கில்லை. இருக்கும் இடத்தில் இருக்கிறது. ‘புற்றல்லாத கட்டி’ என்றால் சொன்னது சரியாக இருக்கும்.

மெல்ல வளர்ந்த கட்டி ஏன் திடீரென்று ஓர் இரவில் மூச்சை அடைக்கிறது என்ற கேள்வி எழும். கட்டி திடீரென்று வருவதில்லை. அது மாதக்கணக்கில் வளர்கிறது; உடம்பும் அதற்கேற்ப இணங்கிக்கொடுக்கிறது. மாடிப்படியை மெதுவாக ஏறுகிறோம், தலையணையைக் கூட்டிக்கொள்கிறோம், வயதாகிவிட்டது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பெரியவர்க்கு மூச்சுக் குழாயின் அகலம் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவ்வழி 8 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்வரை நடையிலும் உழைப்பிலுங்கூடப் பலருக்குத் தொல்லை தெரிவதில்லை. 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கினால் சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே ஓசை கேட்கும். அதன்பின் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் போதும். வீக்கம் சிறிது கூடினாலே வழி அடைபடும். கட்டிக்குள் இரத்தம் கசிந்தாலும் அதுவே நேரும். காம்புடன் தொங்கும் சதைக்கட்டிகள் இன்னும் பொல்லாதவை. நாள் முழுதும் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, ஓர் இருமலில் மேலெழும்பிக் குரல்வளையின் வாயில் பந்துபோல் உட்கார்ந்துவிடும். உணவுக்குழாயின் மேற்பகுதியில் தோன்றும் நீண்ட சதைத்தொங்கல் இவ்வாறு வாய்வரை எகிறி வந்து மூச்சை அடைத்துக் கொன்றதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. மூளைக்கு ஆக்ஸிஜன் அறவே நின்றால் நான்கைந்து நிமிடங்களில் கேடு தொடங்கிவிடும்.

சுருக்கத்தின் கணக்கும் நாம் எண்ணுவதினும் கடுமையானது. குழாயின் அகலம் பாதியானால் காற்று செல்வதற்கான தடை இரு மடங்காகும் என்று நினைப்போம். பிரெஞ்சு மருத்துவரான புவாசே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, அது பதினாறு மடங்காகிறது. கைக்குழந்தையின் குரல்வளைக்குக் கீழே வழி ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே. சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் அகலம் இரண்டாகிவிடுகிறது. பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாக முடியும் வீக்கம் குழந்தைக்குப் பதினாறு மடங்கு சுமையாகிறது.

தையற்காரரிடம் திரும்புவோம். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியே குழாய் செலுத்துவது அவரிடத்தில் ஆபத்து என்று மருத்துவர்கள் முடிவு செய்தனர். மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்தால் கட்டி அப்படியே வழியில் விழுந்துவிடும். பிறகு குழாய் செலுத்த இடமிராது. ஆகவே அவரை உட்காரவைத்தே, கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அடைப்புக்குக் கீழே மூச்சுக் குழாயில் சிறு துளை இட வேண்டும் என்றனர். இதனையும் நாமே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கழுத்து, கத்தி, துளை என்ற மூன்று சொற்களையும் ஒரு மனைவியிடம் நள்ளிரவில் எப்படிச் சொல்வது? அவர் தாளை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். “கழுத்தை அறுப்பாங்களா சார்? ஊருக்குப் போன் பண்ணி அண்ணனைக் கேட்கிறேன்” என்றார். அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம் தமக்கையாருக்கு என்றாலும் நாம் அப்படித்தான் தயங்கியிருப்போம்.

இத்தயக்கம் படித்தவரையும் விட்டதில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-இல் தொண்டை வீக்கத்தால் மூச்சடைத்து இறந்தார். அவருக்கு வந்தது கட்டியன்று. திடீரெனத் தோன்றிய அழற்சி. சூழ்ந்திருந்த மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக் என்பவர் மூச்சுக் குழாயில் துளை இடலாம் என்று கூறினார், மூத்தவர்கள் இணங்கவில்லை. இரத்தம் பல முறை வெளியேற்றப்பட்டது, துளை இடப்படவில்லை. இதனை அன்றிரவு அம்மையாரிடம் நாம் கூறவில்லை, அதற்கு நேரமுமில்லை. “கழுத்தை அறுப்பதில்லை அம்மா, மூச்சுக்கு இன்னொரு வாசல் திறக்கிறார்கள், பிறகு மூடிவிடுவார்கள்” என்றோம். அவர் கையெழுத்திட்டார். துளை திறந்தவுடன் அக்கீச்சொலி நின்றது. பத்து நிமிடத்தில் தையற்காரர் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார்.

இரண்டு நாளைக்குப் பின் கட்டியை வாய் வழியாகவே அகற்றினர். சதையைச் சோதித்துப் புற்றில்லை என்று உறுதிசெய்தனர். இச்சோதனையை ஒருபோதும் விடலாகாது. கண்ணுக்கு நல்லதாய்த் தோன்றுவது யாவும் நல்லதாய் இராது; சோதனையும் ஒரு முறையில் முடிந்துவிடாது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்கின் குரல்வளையிலிருந்து 1887-இல் எடுத்த சதைத்துணுக்கைப் பெரும்புகழ் பெற்ற விர்கோ ஆராய்ந்து, அதில் புற்றின் அடையாளம் காணவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் அது புற்றே என்பது வெளிப்பட்டுவிட்டது. 1888 பிப்ரவரியில் கழுத்தில் துளை இட்டு அவரைப் பிழைக்கவைத்தனர். மார்ச்சில் பேரரசரானார், பேச இயலாமல் தாளில் எழுதிக்காட்டியே அரசாண்டு, 99 நாளில் மறைந்தார்.

தொண்டைக்குள் பார்க்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் மருத்துவர் அல்லர் என்பது வானொலி நேயர்களுக்கு உவப்பாக இருக்கும். மானுவேல் கார்ஸியா என்ற ஸ்பானியர், பாட்டு வாத்தியார். பாடும்போது குரல்நாண்கள் எவ்வாறு அசைகின்றன என்று காண வேண்டும் என்பது அவர் ஆசை. 1854-இல் பல் மருத்துவர் கையாளும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தம் குரல்வளையைத் தாமே கண்டார். நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 1906-இல் மறைந்தார். அவருடைய கண்ணாடியின் வழித்தோன்றலே இன்று மூக்கு வழியே செல்லும் அம்மெல்லிய குழல். காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் பலரிடம் அது உண்டு. இரண்டாண்டுகளில் ஒரு நாள் அங்கே சென்றிருந்தால் அவ்விரவு நேர்ந்திராது.

குழந்தைகளைப் பற்றி இரண்டொன்று கூற வேண்டும். பிறந்த சில வாரங்களுக்குப் பின் உள்மூச்சில் ஓசை தோன்றி, வரவர மிகுமாயின், குரல்வளைக்குக் கீழே இரத்தநாளக் கட்டி இருக்கக்கூடும். தோலிலும் சிவந்த கட்டி இருப்பின் ஐயம் வலுக்கும். முன்பு இதற்கு அறுவையும் கழுத்துத் துளையுமே கதி. 2008-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயத்துக்காகக் கொடுத்த புரோப்பிரனலால் என்ற பழைய மருந்து இக்கட்டியைச் சுருக்குவதைத் தற்செயலாகக் கண்டு வெளியிட்டனர். இன்று பல குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தே போதுமானதாக இருக்கிறது. மற்றொன்று, குரல்நாண்களில் காலிபிளவர்போல் முளைக்கும் மருக்கள். குழந்தையின் குரல் கம்மிப்போவது இதன் முதற் குறி. எச்.பி.வி. என்ற வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் வருவது. பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுவது. எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும்; ஒரே குழந்தைக்குப் பத்து, இருபது முறை அறுவை நேர்வதுண்டு. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கப் போடும் ஊசிகளில் சில இவ்விரு வகைகளையும் தடுக்கின்றன. 2023-இல் வெளிவந்த, புணேயில் தயாராகும் செர்வாவாக் அத்தகையது. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு இவ்வூசி பரவலாகப் போடப்பட்ட பின் குழந்தைகளிடம் இம்மருநோய் மிகவும் அருகிவிட்டது.

இத்தகைய ஓசையுடன் ஒருவர் திணறினால் படுக்கவைக்காதீர்கள். அவர் எப்படி உட்கார்ந்தால் மூச்சு வருகிறதோ அப்படியே இருக்க விடுங்கள். தொண்டையில் விரலையோ கரண்டியையோ விட்டுப் பார்க்காதீர்கள், குழந்தையாயின் அழவைக்காதீர்கள். தண்ணீரும் கொடுக்க வேண்டா. உணவு சிக்கியவருக்குச் செய்வதுபோல் வயிற்றை அமுக்கினால், அங்கேயே வளர்ந்து நிற்கும் கட்டி வெளியே வந்துவிடாது. 108-ஐ அழையுங்கள்; காது மூக்குத் தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். வாசலிலேயே, ஓசை உள்மூச்சில் வருகிறது என்று சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர்கள் நம் பேச்சைக் கேட்டு அதனை நிறுத்திவிடலாகாது. மருந்தில் பலனில்லை, குரலும் மாறுகிறது, படுத்தால் மிகுகிறது என்றால், தொண்டையைப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள், அவ்வளவே.

தையற்காரரின் கழுத்துக் குழாயைப் பத்தாம் நாள் எடுத்தனர். துளை தானே மூடிக்கொண்டது. இப்போது அவர் ஒரு தலையணையில் உறங்குகிறார். அவருடைய பழைய குரல் திரும்பியபோதுதான் அது எவ்வளவு கணீரென்றிருந்தது என்பது நம் தெருவுக்கு நினைவு வந்தது.

சென்ற மாதம் அதே தெருவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அவர் வீட்டுப் படியேறினாள். “வீசிங் என்கிறார்கள் அண்ணா” என்றாள். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் கேட்ட கேள்வியை நாம் கீழ்வீட்டிலிருந்தே கேட்டோம்: “இழுக்கும்போதா அம்மா, விடும்போதா?” குழந்தையைக் கொண்டுசென்று குழல் விட்டுப் பார்த்ததில் கட்டி ஏதுமில்லை. குரல்வளையின் குருத்தெலும்பு இன்னும் இறுகவில்லை. பச்சிளங் குழந்தைகளின் உள்மூச்சு ஓசைக்கு மிகுதியும் காரணம் இதுவே. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும் என்றனர். பால் குடிக்கையில் திணறுகிறதா, எடை கூடுகிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொல்லியிருக்கின்றனர். அடுத்த எடை பார்க்கும் நாள் வரும் வியாழக்கிழமை.